பதினோரு சுருக்குப்பைகள்

எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து திரைக்கு மேலே நீட்டினாள் உஸ்மா. உள்ளேயிருந்து தம்பி அனீஸின் ஈரக்கை வந்து வாங்கிக்கொண்டது.

"இதுலயும் போகலீன்னா என்னங்க பண்றது?" என்று அவன் கேட்பது கேட்டது.

"போகலீன்னா உட்டுருங்க தம்பி. அது அழுக்கா? தொழிலு" என்றார் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார்.

கொல்லையில் இரண்டு கட்டில்களை நிமிர்த்தி வைத்து, போர்வைகளைக் கட்டி மறைத்து, அத்தா ரசாக் பாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு பெரிய குடைக்கு அடியில் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருஷம் சாவி வெட்டிய கை அது. அராவும்போது பறக்கிற பித்தளைத் தூள் விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சோப்புக்கும் அசையவில்லை, சீயக்காய்க்கும் அசையவில்லை. ரசாக் பாய் உயிரோடு இருந்தால், "அது கெடக்குது உடுறா, சோறு ஆறுது" என்றிருப்பார்.

மணி இரண்டரை. சாயங்கால அஸர் தொழுகைக்குத் தூக்கிவிடுவார்கள். அதற்குள் உஸ்மாவுக்கு ஒரு வேலை இருந்தது.

நேற்று மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டே அத்தா சொன்னார். நெஞ்சு வலிக்கிறது என்று கேள்விப்பட்டு, குனியமுத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் உஸ்மா நாலு நாளாக இங்கேயே இருந்தாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். சாவைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை அத்தா. நேற்று பேசினார்.

"மையத்துத் தொழுகைக்கு முன்னால அனீஸ் எந்திருச்சு நிப்பான். எங்கத்தா யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா மன்னிச்சுக்குங்கம்பான். அத்தனை பேரும் மன்னிச்சோம்னு சொல்லிப்போடுவாங்க. சொல்ல வேண்டியவங்க அங்க இருக்க மாட்டாங்களே கண்ணு."

"அத்தா, கஞ்சியக் குடிங்க."

"மனுசனுக்கு மனுசன் செஞ்சத அல்லாவே மன்னிக்க மாட்டான். அந்த மனுசன்தான் மன்னிக்கோணும். அந்தம்மிணிகிட்ட நீ ஒருக்காக் கேட்டுப்போடு. எனக்குக் கதவு தொறக்க மாட்டீங்குது."

பூட்டிய கதவு எதுவானாலும் இரண்டு கம்பியை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்தில் திறக்கிறவர் சொன்ன பேச்சு இது. உஸ்மா சிரித்துவிட்டாள். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

அந்தம்மிணி என்றது நாலு வீடு தள்ளி இருக்கிற பொற்கொடி.

முன்வாசலைத் தாண்டியதும் இடப்பக்கச் சுவரில் பதினோரு ஆணிகள் உண்டு. சந்துக்காரர்கள் வெளியூர் போனால் சாவியை ரசாக் பாய் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பூட்டுக்கடைக்காரனிடமே சாவியைக் கொடுப்பதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. டாக்டரிடம்தானே நாடியைக் காட்டுகிறோம். வாங்கிய சாவியை அத்தா அப்படியே மாட்ட மாட்டார். அம்மா ரம்ஜான் பீவி ஜாக்கெட் துணியில் தைத்து வைத்திருக்கும் சின்னச் சுருக்குப்பையில் போட்டு, நாடாவை இழுத்து, பிறகுதான் ஆணியில் மாட்டுவார். சாவியின் பல்லை யாரும் பார்க்கக் கூடாது என்பார். "ஒரு தடவ பாத்தாப் போதும், என்னைய மாதிரி ஒருத்தன் ஊட்டுல போயி வெட்டிப்போடுவான்."

இந்த வருஷத் தைப்பூசத்தன்று பொற்கொடி குடும்பம் சென்னிமலைக்குப் போனது. கீழ்வீட்டுச் சாவி மூன்றாவது ஆணியில் பைக்குள் தொங்கியது. காலை பதினொரு மணிக்கு, குடைக்கடியில் ஒரு பைக் வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. பொற்கொடி வீட்டு மாடிக்குக் குடிவந்து இரண்டு நாள்தான் ஆகிறது, சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டோம், குழந்தைக்குப் பால் உள்ளே இருக்கிறது என்றார்கள். அந்த வாரம்தான் மாடியில் தொங்கிய டு-லெட் பலகையைக் கழற்றியிருந்தார்கள்; அத்தாவே பார்த்திருந்தார். ஆனாலும் ஆதார் கேட்டார். மேட்டுப்பாளையம் விலாசம் இருந்தது. முந்தாநாள் குடிவந்தவனிடம் வேறு என்ன விலாசம் இருக்கும்? பொற்கொடிக்கு நாலு தடவை போன் அடித்தார். போன் அடிவாரத்தில் காருக்குள் கிடந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அத்தா கடையைப் பக்கத்துப் பழக்கடையிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய் மாடிக்கதவைத் திறந்து கொடுத்தார். குழந்தை அழுகிற வீட்டில் கூலி வாங்க மாட்டேன் என்று வந்துவிட்டார்.

மாடிக்கு இன்னும் யாரும் குடிவந்திருக்கவில்லை. மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு உள்படி இருந்தது.

சாயங்காலம் பொற்கொடி விபூதியும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிப் போனாள். சாவி பத்திரமாக இருந்தது. பீரோதான் காலியாக இருந்தது. மகள் இளவேனிலின் கல்யாணத்துக்கு என்று பத்து வருஷமாகச் சேர்த்த நகை. கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மரியாதைப்பட்டவர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, "பாத்துச் சொல்றோமுங்க" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டேஷனிலும் அத்தாவை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. "கூலி வாங்காம எவனாச்சும் பூட்டுத் தொறப்பானுங்களா பாய்?" என்று கேட்டார்கள். அதன்பிறகு நகரத்தின் இந்தப் பக்கம் எங்கே பூட்டு உடையாமல் களவு போனாலும் ஏட்டு பாலுசாமியிடமிருந்து போன் வரும். "பாய், சும்மா ஒரு எட்டு வந்துபோட்டுப் போங்க. டீ சாப்புடலாம்." டீயும் கொடுப்பார்கள். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து அனுப்புவார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

சந்துக்காரர்களும் அப்படித்தான். வேலியே பயிரை மேய்ந்ததாக முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கலாம், முகத்துக்கு நேரே ஒரு சொல் இல்லை. "ஏனுங்கண்ணா, அந்தச் சாவி இருந்தாக் குடுங்க. மச்சான் வந்திருக்காரு, அவருக்கு ஒண்ணு வேணுமாம்." ஒரு மாதத்தில் எல்லாருக்கும் மச்சான் வந்துவிட்டார்கள். பதினோரு பையும் காலியாயிற்று. அம்மா துவைத்து, காயவைத்து, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். ஆணிகளைப் பிடுங்கிவிடலாம் என்று அனீஸ் சொன்னபோது அத்தா, "புடுங்குனா ஓட்டை தெரியும், இருக்கட்டும்" என்றார்.

அப்புறம் அவர் விடியற்காலை ஃபஜர் தொழுதுவிட்டு வந்து பேப்பருக்காகக் காத்திருக்கப் பழகினார். திருட்டுச் செய்திகளை முதலில் பார்ப்பார். பஸ்ஸில் பர்ஸ் போயிருந்தால், "பர்ஸுதான்" என்று மூச்சு விடுவார். செயினை அறுத்திருந்தால், "பூட்டு இல்ல" என்பார். பிறகு, அடுத்தவன் பொருள் போனதற்குச் சந்தோஷப்பட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஊரில் குற்றங்கள் குறைந்துவருவதாக ஒருநாள் செய்தி வந்தது. அதை வெட்டி எடுத்து, சாவி மெஷின் மேல் ஒட்டிவைத்தார். சாவி வெட்ட வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பூட்டுக்காரனுக்கு இதில் என்ன சந்தோஷம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது.

இன்று காலை பிளாஸ்டிக் நாற்காலியில் மடித்த பேப்பர் மடியில் கிடக்க அப்படியே சாய்ந்துவிட்டார். அம்மா டீ கொண்டுவந்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு உஸ்மா அந்தப் பேப்பரைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். அன்றைக்கு ஒரு திருட்டும் இல்லை.

* * *

தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தபோது பந்தலுக்கடியில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஓரத்து நாற்காலியில் வேட்டி சட்டையில் பாலுசாமி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"பாய் நல்ல மனுசனுங்கம்மணி. நான் எப்பவும் சொல்லுவேன்."

யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள். அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்த்த பாலுசாமி ஏதோ சொல்ல வந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பொற்கொடி வீட்டுக்கு இப்போது ஆளுயரக் கம்பிக் கதவு. உள்பக்கம் மேலே, நடுவில், கீழே என்று மூன்று பூட்டு. தூணில் கேமரா. உஸ்மா பெல்லை அழுத்தினாள். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்திவிட்டு, முகம் தெரியட்டும் என்று இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

உள்கதவு திறந்தது. பொற்கொடி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அழுதிருந்தாள். எட்டு மாதத்தில் பாதி ஆளாகியிருந்தாள்.

"அவராட்டவே நிக்கற கண்ணு" என்றாள். "பெல்ல அடிச்சுப்போட்டு ரெண்டடி பின்னால போயி நிப்பாரு. மூணு தடவ வந்தாரு. கேமராவுல தெரியறத டிவில பாத்துட்டே உள்ளார உக்காந்திருந்தேன்."

உஸ்மா வீட்டிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

"அக்கா, அஸருக்கு எடுத்துருவாங்க. எங்கத்தா உங்களுக்குச் செஞ்சது தெரிஞ்சு செஞ்சதில்லீங்க. ஆனாலும் செஞ்சதுதான். நீங்க மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நேத்து அதத்தான் கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல."

பொற்கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உஸ்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. செத்த மனுஷனுக்கு ஒரு சொல் கொடுக்க இத்தனை யோசனையா?

"அவங்க மாட்டிட்டாங்க கண்ணு" என்றாள் பொற்கொடி.

"யாருங்க?"

"அந்தப் புருசன் பொண்டாட்டி. திருச்சிப் பக்கம் இதே மாதிரி இன்னொரு ஊட்டுல. பத்து நாளாச்சு. நகைய அடையாளம் காட்டறதுக்கு எங்களக் கூப்புட்டாங்க. பாதி இருந்துச்சு."

உஸ்மா இரண்டடி முன்னால் வந்து கம்பியைப் பிடித்தாள்.

"அந்தப் பொம்பளையே சொன்னா. சாவிக்காரரு லேசுல தொறக்கலீங்க, கார்டு கேட்டாரு, போன் மேல போன் அடிச்சாரு, கொழந்தயக் கிள்ளி உட்டு அழ வச்சதுக்குப் பொறவுதான் வந்தாருன்னு. அவருக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லைன்னு போலீசுல எழுதிக்கூட வாங்கிட்டாங்க."

"எங்கத்தாவுக்கு யாரும் சொல்லலீங்களே."

"நீங்க பக்கத்தூடு, நீங்க சொன்னாத்தான் மொறைன்னு பாலுசாமி சொன்னாரு. எந்த மூஞ்சிய வச்சுட்டு வாரது? நீங்களே சொல்லுங்கன்னு நான் சொன்னேன். அவரு நேர்ல போயிச் சொல்றேன்னாரு. நான் நாளைக்கு, நாளைக்குன்னு..."

பத்து நாள். பத்து நாளும் அத்தா அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்திருக்கிறார். அந்தப் பத்து நாளில் ஒருமுறை ஸ்டேஷனுக்கு டீ குடிக்கக்கூடப் போய்விட்டு வந்தார். உஸ்மாவுக்குக் கம்பிக்குள் கையை விட்டு அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. அவள் காலில் விழுந்து, இதை வந்து அத்தாவின் காதில் ஒருமுறை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்ச வேண்டும்போலவும் இருந்தது.

"நான் மன்னிக்கறதுக்கு என்ன கண்ணு இருக்குது. நான்தான் கேக்கோணும். மொகத்த ஒருக்காப் பாத்துக்கறேன். எடுக்கறதுக்கு முன்னால வந்தர்றேன்."

பொற்கொடி ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்தாள். மேல்பூட்டில் ஒன்றை நுழைத்தாள், திரும்பவில்லை. இன்னொன்றை நுழைத்தாள். அவசரத்தில் கொத்து கீழே விழுந்தது. முதல் தூறல் விழுந்தது. சந்தின் அந்தக் கோடியில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மழைக்கு முன் தூக்கிவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"குடுங்கக்கா" என்றாள் உஸ்மா.

கம்பி வழியாகக் கொத்து வந்தது. சாவிகளை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் அத்தாவின் மடியில் உட்கார்ந்து சாவிகளை இனம் பிரித்தவள். பூட்டு உள்பக்கம் இருந்ததால் கையைக் கம்பிக்குள் விட்டு வளைத்துத்தான் திறக்க முடிந்தது. மேல்பூட்டு திறந்தது. நடுப்பூட்டு திறந்தது. கீழ்ப்பூட்டுக்கு அவள் சாலையில் மண்டியிட்டு உட்கார்ந்தபோது கலிமா ஓதிவருகிற சத்தம் நெருங்கிவிட்டது.

மையத்தை வைத்த சந்தூக்கைத் தோளில் தாங்கியவர்கள் வேகமாக நடந்து வந்தார்கள். பச்சைத் துணியின் மேல் தூறல் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. முன்வரிசையில் அனீஸ். மண்டியிட்டுக் கிடக்கிற அக்காவைப் பார்த்தான். அவள் எதற்கு வந்தாள் என்று அவனுக்குத் தெரியும். நடந்துகொண்டே கண்ணால் கேட்டான். உஸ்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

கம்பிக்குப் பின்னால் பொற்கொடி இரண்டு கையையும் கூப்பியிருந்தாள். "ரசாக்கண்ணா" என்று ஒருமுறை கூப்பிட்டாள். சத்தமாகவே கூப்பிட்டாள். சந்தூக்குக்குப் பின்னால் வந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. கூட்டத்தின் கடைசியில் பாலுசாமி நனைந்துகொண்டே போனார்.

கீழ்ப்பூட்டு திறந்தபோது சந்தில் மழை மட்டும் இருந்தது.

* * *

அடக்கம் முடிந்து அனீஸ் திரும்பி வந்தபோது வேட்டியெல்லாம் கபர்ஸ்தானின் செம்மண். கைகால் கழுவிவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கேட்டேன். அத்தன பேரும் மன்னிச்சோம்னாங்க. ஏட்டு வெளிய, பள்ளிவாசல் கேட்டுப் பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு. அவரும் சொன்னாரு." பிறகு, "அந்தக்கா என்ன சொன்னாங்க?" என்றான்.

"சொன்னாங்க" என்றாள் உஸ்மா. மீதியை நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்குத் திக்கென்றது. நாளைக்கு என்றுதானே அவர்களும் நினைத்தார்கள். அப்போதே, அங்கேயே, ஒன்றுவிடாமல் சொன்னாள். அனீஸ் கடைசிவரை கேட்டான். பிறகு எழுந்து கொல்லைக்குப் போனான். கட்டில்களைப் பிரித்து வைக்கிற சத்தம் கொஞ்சநேரம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. அவன் அழுவதை உஸ்மா போய்ப் பார்க்கவில்லை.

மழை விட்டிருந்தது. வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அம்மா உள்ளறையில் வெள்ளைச் சேலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருட்டுகிற நேரத்தில், மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் பொற்கொடி வந்தாள். ஈரச் சேலையோடேயே வந்திருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. வாசலைத் தாண்டி இடப்பக்கச் சுவருக்குப் போனாள். எந்த ஆணி என்று அவள் தேடவில்லை. மூன்றாவது ஆணியில் மூன்று சாவியும் சேர்ந்த கொத்தை மாட்டினாள். உஸ்மாவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே போனாள்.

"யாரும்மா வந்தது?" உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"பொற்கொடி அக்காங்கம்மா."

"என்னவாமா?"

"சாவி குடுத்துட்டுப் போறாங்க."

"ஊருக்குப் போறாங்களா?"

உஸ்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நாலு வீடு தள்ளி அந்தக் கம்பிக்கதவு இரண்டு பக்கமும் அகலத் திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பொற்கொடி அந்தக் கதவைத் தாண்டி, சாத்தாமலே வீட்டுக்குள் போனாள்.

"இல்லீங்கம்மா" என்றாள்.

உஸ்மா சமையற்கட்டுக்குப் போய், மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். மடித்து வைத்திருந்த பைகளில் கொஞ்சம் பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்தாள். ஆணியிலிருந்து கொத்தைக் கழற்றி, மூன்று சாவியும் பல் தெரியாதபடி அதற்குள் போட்டு, நாடாவை இழுத்து, திரும்ப மாட்டினாள்.